ஒன்பது மில்லி

அது கலர் குடித்த பாட்டில்தான்.
ஈஸ்டருக்கு வாங்கியது, ஆரஞ்சுப் படம் கிழியாமல் இருந்தது.
குலசேகரத்தில் கேனில் வாங்கிய ஆசிட்டை
நான்தான் அதில் அரைவாசி ஊற்றி
ரோலர் பக்கத்துத் திண்டில் வைத்தேன்.
மூடியைச் சரியாக முறுக்கவில்லை.
கேட்டவர்கள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.
போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.
சுனிலெட் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

ஷிபினுக்கு அன்று மூன்று வயதும் நாலு மாதமும்.
ஒரு மிடறு.
பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்து
உப்பு வெள்ளம் கரைத்தார்கள், தொண்டையில் விரல் விடச் சொன்னார்கள்.
விட்டேன்.
இறங்கும்போது எரித்தது ஏறும்போதும் எரிக்கும் என்று
களியக்காவிளை தாண்டும்வரை யாருக்கும் தோன்றவில்லை.
திருவனந்தபுரத்தில் டாக்டர் இந்துகலா கேட்ட முதல் கேள்வி
“சர்த்திப்பிச்சோ?”
வாந்தி எடுக்க வைத்தீர்களா என்று.
நான் என் விரலைப் பார்த்தேன்.

பால் எப்படி உறையும் என்று எனக்குத் தெரியும்.
பதினாறு வருடமாக டிஷ்ஷில் ஊற்றுகிறவன்.
அளந்து கொஞ்சம் ஆசிட், நிறைய வெள்ளம், ஒரு கலக்கு,
நுரையை வழித்துவிட்டு ஒரு சாயா குடித்து வந்தால்
ஓடிக்கொண்டிருந்தது தோலாக நிற்கும்.
திரையில் அவன் நெஞ்சுக்குள் இருக்கும் குழலைக் காட்டினார்கள்.
வெள்ளையாக, இறுகி.
நான் அடிக்கிற ஷீட்டின் நிறம்.
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

ஆறு வாரம் வயிற்றுத் துளை வழியாகச் சாப்பிட்டான்.
சிரிஞ்சில் கஞ்சித்தண்ணி, “மெதுவா, மெதுவா” என்று லிஸிக்குட்டி சிஸ்டர்.
நாக்கில் படாத சாப்பாடு.
எங்கள் வாயையே பார்ப்பான் என்பதால்
முறைவைத்து, வராந்தாவின் கோடியில் நின்று,
திருடர்களைப் போல மரச்சீனி தின்றோம்.

பிறகு விரிக்க ஆரம்பித்தார்கள்.
மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன்.
நாலரை மணி பஸ், வெறும் வயிறு, மயக்க ஊசி,
மெல்லிய கம்பி, கம்பியின் மேல் வழுவழுப்பான குழாய்.
முதல் நாள் ஐந்து மில்லி.
“அவசரப்பட்டால் கிழியும், விட்டுவிட்டால் மூடும்” என்றார் டாக்டர்.
எனக்கு அதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.
நான் வெட்டுகாரன்.
நூல் கனம் ஆழமாகப் போனால் தடியில் காயம்,
மேலோடு போனால் சிரட்டை காலி.
நேற்றைய சாலில் உறைந்து கிடப்பதை உரித்த பிறகுதான்
இன்றைய வெட்டு.
மரத்துக்கு அது பழகுமா என்று
அதுவரை நான் யோசித்ததில்லை.

எடவப்பாதி மழையில் வெட்டு இல்லை, கையில் காசும் இல்லை.
இரண்டு வியாழன் விட்டோம்.
ஏழு, நாலாகச் சுருங்கிவிட்டது.
டாக்டர் திட்டவில்லை. கொஞ்சம் திட்டியிருக்கலாம்.
ஐந்தாம் நம்பர் குழாயை மறுபடி எடுத்தார்.

ஆசிட் இப்போது கேனிலேயே இருக்கிறது,
புகைப்புரை உத்தரத்தில், பூட்டோடு.
சாவியை ராத்திரி இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறேன்,
சில நாள் மூன்று.

போன வியாழன் இருபத்திரண்டாவது தடவை.
ஒன்பது மில்லி.
என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்.

இன்று அவனுக்கு ஆப்பம், ஓரம் நீக்கி நடு மட்டும்.
சுனிலெட் கிள்ளிக் கொடுக்கிறாள்.
மெல்லுகிறான்.
மெல்லுகிறான்.
யாரோ டிவியை நிறுத்திவிட்டார்கள்.
என் தட்டில் மீன்கறி ஆறுகிறது.
கழுத்தை நீட்டிக் கண்ணை மூடுகிறான்,
அப்போது அவள் கை வந்து என் முட்டியை இறுகப் பிடிக்கிறது,
தெரியாமல்தான்,
ஒன்றரை வருடத்தில் முதல் தடவை.

“எறங்கியாச்சு” என்கிறான்.

கை போய்விடுகிறது.
அடுத்த துண்டைக் கிள்ளுகிறது.